மின்னஞ்சலில் மாதிரிக் கடிதங்கள்

ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு மாத காலத்தில் வெளியே செல்லும் கடிதங்களையெல்லாம் திரட்டி, மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கடிதத்தின் பல பிறவிகளே. பெயர் மாறும், தேதி மாறும், தொகை மாறும். ஏனைய சொற்கள் அப்படியே இருக்கும். பள்ளி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றுச் சான்றிதழ் எப்போது கிடைக்கும், எந்தெந்த ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் பெற்றோர்க்கு விடை. சேர்க்கை தொடங்கும் நாளைப் பற்றிய விடை. தொடர்ந்து வராத பிள்ளையைக் குறித்து வீட்டுக்கு ஒரு கடிதம். சத்துணவுக் கணக்கையோ கட்டடப் பழுதையோ பற்றி மேலிடத்துக்கு ஒரு நினைவூட்டு. ஆண்டு முழுவதும் இவையே மாறி மாறி வருகின்றன. வங்கியிலும், மருத்துவமனையிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கடைவீதியில் உள்ள சிறு வணிகரிடத்திலும் நிலைமை இதுவே. பொருள்தான் வேறு.

இக்கடிதங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவது எத்தனை காலத்தை விழுங்குகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கடிதத்துக்குப் பத்து நிமிடம் என்றும், ஒரு நாளைக்கு ஆறு கடிதம் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். வேலை நாள் 200 என்றால் ஆண்டுக்கு 200 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு அது 25 நாள் வேலை. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். காலம் மட்டுமா போகிறது? முதற் கடிதத்தில் இருந்த பொறுமை ஆறாவது கடிதத்தில் இருப்பதில்லை. காலையில் கேட்டவருக்கு முழு விடையும் மாலையில் கேட்டவருக்கு அரை விடையும் கிடைக்கின்றன. கேட்ட இருவரும் குடிமக்கள். இருவருக்கும் உரிமை ஒன்றே. மாலையில் கேட்டவர் ஓர் ஆவணத்தை மறந்து, பேருந்து ஏறி வந்து, வெறுங்கையோடு திரும்புகிறார். அவருடைய ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே மாதிரிக் கடிதம் என்பது எழுதுபவருடைய வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

மின்னஞ்சலில் இப்படி ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்துக்கொண்டு வேண்டும்போதெல்லாம் எடுத்து வழங்கும் கடிதத்துக்கு ஆங்கிலத்தில் டெம்ப்ளேட் என்று பெயர். தமிழில் வார்ப்புரு என்று வழங்குகிறார்கள். நல்ல சொல்தான், ஆயினும் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருச் செய்து, அதன்மேல் களிமண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். பிறகு மண்ணை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். உடைந்த கூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு சிலையும் தனிப்பிறவி. நாம் பேசுவதோ திரும்பத் திரும்பப் பயன்படும் ஒன்றைப் பற்றி. செங்கல் அறுப்பவருடைய கையில் இருக்கும் மரச்சட்டமே அதற்குச் சரியான உவமை. அல்லது வீட்டில் இருக்கும் இடியாப்ப அச்சு. என்ன செய்வது? சொல் வழக்கில் ஊன்றிவிட்டது. நான் இங்கே மாதிரிக் கடிதம் என்றே சொல்லப்போகிறேன்.

கணிப்பொறி வந்த பிறகுதான் இவ்வழக்கம் ஏற்பட்டது என்று எண்ணுவோர் உண்டு. அப்படியன்று. முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு முதல் 1014-ஆம் ஆண்டு வரை ஆண்டவன். அவன் காலத்தில் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்னும் ஒரு பகுதியைப் பொறிக்கும் முறை நிலைபெற்றது. எந்த ஊர்க் கோயிலாயினும், எந்தத் தருமமாயினும், தொடக்கம் ஒரே வாசகம். அதன் பின்னரே அவ்வூர்ச் செய்தி: இன்னார், இத்தனை ஆடு, இன்ன விளக்குக்கு. ஆட்சி ஆண்டு ஏற ஏற, மன்னன் வென்ற நாடுகள் அந்த வாசகத்தில் கூடிக்கொண்டே போயின. அதாவது தலைமை அலுவலகம் மாதிரியை அவ்வப்போது புதுப்பித்தது. ஊர்தோறும் இருந்த எழுத்தர் அதனைப் பின்பற்றினர். இன்று ஆராய்ச்சியாளர் ஒரு சிதைந்த கல்லைப் பார்த்து இது இன்ன அரசனுடைய இன்ன காலத்தது என்று சொல்வதற்கு அந்த மாதிரி வாசகம் பெருந்துணை செய்கிறது.

சற்றுமுன் இன்னார் என்று ஒரு சொல்லைச் சொன்னேன். அது நம் மொழி தந்த அருமையான சாதனம். பத்திரம் எழுதப் பழகுவோர் ‘இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னாருக்கு’ என்றுதான் பாடம் எழுதிக்கொள்வார்கள். பெயர் வரவேண்டிய இடத்தை அச்சொல் காத்து நிற்கும். வடமொழியில் ‘அமுக’ என்னும் சொல் இதே வேலையைச் செய்கிறது. ஐரோப்பாவில் பிராங்கியர் நாட்டில், ஏழாம் நூற்றாண்டு அளவில், மார்குல்ப் என்னும் துறவி அரசாணைகளுக்கும் தனியார் பத்திரங்களுக்கும் உரிய மாதிரிகளைத் தொகுத்து வைத்தார். அத்தகைய தொகுப்புகளில் பெயர் வரும் இடத்தில் இலத்தீன் மொழியில் ‘இல்லே’ என்று எழுதியிருப்பார்கள். ‘அவன்’ என்பது அதன் பொருள். நம் செவிக்கு ‘இல்லை’ என்பது போல ஒலிக்கிறது. பெயர் இன்னும் இல்லாத இடந்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்தார் போர்முனைச் சிப்பாய்களுக்கு ஓர் அச்சிட்ட அஞ்சலட்டையைக் கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது, இப்படிச் சில வாக்கியங்கள் அதில் இருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமும் தேதியும் மட்டும் இடலாம். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. இராணுவ இரகசியம் காப்பதற்காக ஏற்பட்ட முறை அது. மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி விரைவாக வந்து சேர்ந்தது. அவன் மனத்தில் இருந்தது வந்து சேரவில்லை. மாதிரிக் கடிதத்தின் பயனும் குறையும் அந்த ஓர் அட்டையிலேயே அடங்கியிருக்கின்றன. நம் நாட்டுத் தந்தி அலுவலகங்களிலும் வாழ்த்துத் தந்திக்கென எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. அனுப்புபவர் எண்ணைக் குறிப்பிட்டால் போதும். பெறும் அலுவலகத்தில் அந்த எண்ணுக்குரிய வாசகத்தை விரித்து எழுதிக் கொடுப்பார்கள். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை, எத்தனையோ கலியாண வீடுகளில் ஒரே வாழ்த்து பத்துத் தந்திகளாக வந்து குவிந்ததைக் கண்டவர் பலர் இன்றும் இருக்கிறார்கள்.

இனி, மின்னஞ்சலில் இதனை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

எந்தக் கடிதத்துக்கு மாதிரி வேண்டும் என்பதைக் கற்பனையால் முடிவு செய்தல் கூடாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசித்தால் நூறு மாதிரிகள் தோன்றும். அவற்றுள் எண்பது ஒருநாளும் பயன்படா. அனுப்பிய கடிதங்கள் சேர்ந்திருக்கும் பகுதியைத் திறந்து, கடந்த இரண்டு வாரத்துக் கடிதங்களைப் படியுங்கள். ஒரே செய்தியை மூன்று முறைக்குமேல் எழுதியிருந்தால் அதற்கு ஒரு மாதிரி தேவை. பெரும்பாலான அலுவலகங்களில் ஏழெட்டு மாதிரிகளே முக்கால்வாசி வேலையைத் தாங்கிவிடும் என்பது என் எண்ணம். எழுதியவற்றுள் சிறந்த ஒன்றை எடுத்து, அதைச் செப்பனிட்டு மாதிரியாக்குக. உண்மையான ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் உயிர், வெற்றிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இருப்பதில்லை.

அந்தக் கடிதத்தில் எது நிலையானது, எது மாறுவது என்று பிரிக்க வேண்டும். பெயர், தேதி, தொகை, பதிவெண் ஆகியவை மாறுவன என்பது எவருக்கும் தெரியும். ஆனால் தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு தனி இடர் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் மாதிரிக் கடிதங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் இதற்கு விடை கிடைக்காது.

ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னே தனியாக நிற்கிறது. பின்னால் எந்தப் பெயரை வைத்தாலும் வாக்கியம் கெடுவதில்லை. தமிழிலோ உருபு பெயரோடு ஒட்டுகிறது. ஒட்டும்போது பெயரின் இறுதியும் மாறுகிறது. முருகன் என்பது முருகனுக்கு என்றாகும். கண்ணகி என்பது கண்ணகிக்கு என்றாகும். ராதா என்பது ராதாவுக்கு என்றாகும். மாதிரியில் ஒரு கோடு இட்டு அதன் அருகில் ‘க்கு’ என்று எழுதி வைத்தால், இயந்திரம் ‘முருகன்க்கு’ என்று எழுதிக் கொடுக்கும். ஊர்ப் பெயர்களில் இக்கேடு இன்னும் மிகுதி. கரூரில், மதுரையில், சேலத்தில் என்று மூன்று ஊருக்கு மூன்று வடிவம். ‘சேலம்இல் நடைபெறும் பயிற்சி’ என்று வந்த அறிவிப்பை நானே பார்த்திருக்கிறேன். தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். போகாமல் இருக்க முடியவில்லை என்பது வேறு.

இதற்கு வழி நம் பெரியோர் எழுதிய கடிதங்களிலேயே இருக்கிறது. ‘முருகன் அவர்களுக்கு’ என்று எழுதினார்கள் அல்லவா? அந்த ‘அவர்கள்’ மரியாதைக்காக மட்டும் நிற்கவில்லை. உருபை முழுவதும் அது தாங்கிக்கொள்கிறது. முன்னே எந்தப் பெயர் வந்தாலும் அப்பெயர் சிதையாமல் இருக்கும். ராதா அவர்களுக்கு, கண்ணகி அவர்களுக்கு, அருள் அவர்களுக்கு, எங்கும் இடறலில்லை. மரியாதை வேண்டாத இடத்தில் ‘என்பவருக்கு’ என்று எழுதலாம். ஊருக்குப் பின் ‘மாவட்டத்தில்’, ‘கிளையில்’, ‘என்னும் ஊரில்’ என்று ஒரு பொதுச் சொல்லை வைத்தால் உருபை அது ஏற்றுக்கொள்ளும். சேலம் மாவட்டத்தில், கரூர் மாவட்டத்தில். தேதிக்கு ‘ஆம் தேதி’ என்பது எல்லா எண்ணுக்கும் பொருந்தும். இவ்வாறு, மாறும் சொல்லுக்குப் பின்னே மாறாத ஒரு சொல்லை நிறுத்திவைக்க வேண்டும்.

பால் பாகுபாடும் ஒரு தொல்லையே. மகன் என்று எழுதிய மாதிரி மகளுக்குப் போய்விடுகிறது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைமுற்று வேறு காட்டிக் கொடுக்கிறது. பிள்ளை என்று எழுதினால் இருபாலுக்கும் பொது. வினையில் எதிர்மறை வடிவம் நமக்குக் கைகொடுக்கிறது: ‘வரவில்லை’ என்பது அவனுக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும், அவர்களுக்கும் பொருந்தும். பெயருக்கு முன் திரு, திருமதி, செல்வி என்று இடுவதைக் கூடியவரை விட்டுவிடலாம். பெறுபவர் மணமானவரா என்பது மாற்றுச் சான்றிதழுக்கு எவ்விதத்திலும் தேவையற்ற செய்தி. ‘அவர்களுக்கு’ என்பதிலேயே போதிய மரியாதை இருக்கிறது.

இவ்விதிகளின்படி எழுதிய ஒரு சிறு மாதிரியைப் படித்துக் காட்டுகிறேன்.

‘அன்புடையீர், வணக்கம். இப்பள்ளியில் பயிலும் தங்கள் பிள்ளை இன்னார், பின்வரும் நாள்களில் பள்ளிக்கு வரவில்லை: இன்ன நாள். உடல்நலக் குறைவோ குடும்பத்தில் வேறு நெருக்கடியோ இருப்பின் எங்களுக்குத் தெரிவித்தால், விடுபட்ட பாடங்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்வோம். வகுப்பாசிரியர் இன்னார் அவர்களை மாலை நான்கு மணிக்குமேல் இந்த எண்ணில் அழைக்கலாம்: இன்ன எண்.’

இதில் எந்த வாக்கியமும் எவர் பெயராலும் கெடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று அதட்டும் குரல் அதில் இல்லை. ஒருமுறை எழுதுவது நூறு வீட்டுக்குப் போகிறது. அதில் ஒரு கடுஞ்சொல் இருந்தால் அது நூறு கடுஞ்சொல். அந்த நூறு வீட்டில் ஏதோ ஒரு வீட்டில் தாய் படுத்த படுக்கையாய் இருக்க, பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகையால் மாதிரியை எழுதும் நாளில் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவிடத் தயங்கக்கூடாது. சகப் பணியாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துக் கேட்பதும் நன்று.

சேமிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிமெயில் பயன்படுத்துவோர் கணிப்பொறியில் அதைத் திறந்து, மேலே வலப்பக்கம் பற்சக்கரம் போலிருக்கும் குறியைத் தொட்டு, எல்லா செட்டிங்ஸ்களையும் காட்டும் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே அட்வான்ஸ்டு என்னும் தலைப்பின்கீழ் டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதில் எனேபிள் என்பதைத் தேர்ந்து, அடியில் உள்ள சேவ் சேஞ்சஸ் என்பதை அழுத்தினால் வசதி திறந்துவிடும். இது ஒருமுறை செய்தால் போதும். பிறகு புதிய கடிதம் ஒன்றைத் தொடங்கி மாதிரி வாசகத்தைத் தட்டெழுதி, கீழே மூன்று புள்ளிகளாக இருக்கும் குறியைத் தொட்டு, டெம்ப்ளேட்ஸ் என்பதற்குள் சென்று, புதிய டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும்படி சொல்லிப் பெயரிட வேண்டும். மறுநாள் தேவைப்படும்போது அதே மூன்று புள்ளி, அதே டெம்ப்ளேட்ஸ், பெயரைத் தொட்டால் வாசகம் முழுவதும் வந்து நிற்கும். அவுட்லுக் முதலிய பிற செயலிகளிலும் இத்தகைய வசதி உண்டு. எதுவும் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு சாதாரணக் கோப்பில் எல்லா மாதிரிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டியதை நகலெடுத்து ஒட்டலாம்.

பெயரிடுவதில் கருத்து வேண்டும். ‘கடிதம் 1’, ‘கடிதம் புதியது’, ‘கடிதம் புதியது சரியானது’ என்று பெயர் வைத்திருப்போரை நான் அறிவேன். ஆறு மாதம் கழித்து அவருக்கே விளங்காது. ‘மாற்றுச் சான்றிதழ் – தேவையான ஆவணங்கள்’ என்பது போலப் பொருளைக் காட்டும் பெயரே ஏற்றது. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் உங்கள் நாற்காலியில் அமர்பவருக்கும் அது விளங்க வேண்டும்.

ஒரே கடிதத்தை இருநூறு பெற்றோர்க்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஒவ்வொன்றாக நிரப்புவது வீண். பெயர்களை எக்செல் அட்டவணையில் வைத்து வேர்டு கோப்போடு இணைத்தால், இயந்திரமே இருநூறு கடிதங்களையும் நிரப்பித் தரும். அதற்கு மெயில் மெர்ஜ் என்று பெயர். மேலே சொன்ன இலக்கணக் காவல் அங்கே இன்னும் முக்கியம்; ஏனெனில் அங்கே ஒவ்வொரு கடிதத்தையும் கண் பார்ப்பதில்லை. பெயரில்லாத பொது அறிவிப்பாயின் முகவரிகளையெல்லாம் பி.சி.சி. என்னும் கட்டத்தில் இடுக. சி.சி. என்பது தட்டச்சுக் காலத்துக் கார்பன் நகலின் எச்சம். அதில் இட்டால் பெறுபவர் ஒவ்வொருவரும் மற்றவர் அனைவருடைய முகவரியையும் பார்ப்பார். அவற்றைப் பிறருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

மாதிரிக் கடிதத்தால் விளையும் கேடுகளையும் சொல்லத்தான் வேண்டும். பழைய பெயர் அழியாமல் இருந்துவிடுவது ஒன்று. ‘இன்னார்’ என்பதே நிரப்பப்படாமல் போய்ச் சேர்வது இன்னொன்று. அன்புள்ள இன்னார் என்று ஒரு கடிதம் வந்தால், நம்மை எவ்வளவு பொருட்படுத்தினார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். இதைத் தடுக்க, நிரப்பவேண்டிய இடங்களைச் சதுர அடைப்புக்குள் வைத்து மஞ்சள் வண்ணம் பூசி வையுங்கள். நிரப்பியபின் வண்ணத்தை நீக்குக. இன்னொரு தந்திரம் உண்டு. பெறுநர் முகவரியை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுங்கள். முகவரி இல்லாத கடிதத்தை இயந்திரம் அனுப்ப மறுத்துவிடும். கை தவறி அழுத்தினாலும் தீங்கில்லை. ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தை 30 விநாடி வரை திரும்பப் பெறும்படி அமைத்துக்கொள்ளவும் இயலும்.

இவை கைப்பிழைகள். இவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய கணவர் ஓய்வூதியம் பெற்றுவந்தவர், காலமாகிவிட்டார். அம்மையார் இறப்புச் சான்றிதழை இணைத்து, குடும்ப ஓய்வூதியம் வேண்டி உரிய அலுவலகத்துக்கு மனு அனுப்பினார். சில வாரத்தில் விடை வந்தது. பேரன் கைப்பேசியில் திறந்து கொடுக்க, எழுத்து பொடியாக இருக்கிறது என்று என்னிடம் படிக்கச் சொன்னார். இறந்துபோன கணவர் பெயருக்கே எழுதியிருந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது என்று தொடங்கி, தாங்கள் உயிரோடிருப்பதற்கான ஆண்டுச் சான்றை நேரில் வந்து அளிக்காவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும் என்று முடிந்தது. நான் படித்து முடித்தபின் அந்த அம்மையார், ‘ஏன் சார், அவர் செத்துப்போனதை நான் சரியாக எழுதவில்லையா?’ என்று கேட்டார்.

அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அந்த அலுவலகத்தில் இருப்பவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. பதிவெண்ணைப் பார்த்தார், இவ்வாண்டுச் சான்று வரவில்லை என்று பட்டியல் காட்டியது, அதற்குரிய மாதிரியை எடுத்தார், அனுப்பினார். வந்த கடிதத்தைப் படிக்கும் முன்பே விடை தயாராகிவிட்டது; அவ்வளவுதான் நடந்தது. மாதிரிகள் கையில் இருக்கும்போது, படிப்பதையும் சேர்த்து மிச்சப்படுத்திவிட மனம் துணிகிறது. வந்த கடிதத்தை இறுதி வரி வரை படித்து, கேட்டது என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் தமக்குள் சொல்லிக்கொண்டு, அதன் பிறகே மாதிரிகள் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும்.

அந்த அலுவலகத்துக்கு இன்னொரு மாதிரியும் இருந்திருக்க வேண்டும். ஓய்வூதியர் இறந்ததைத் தெரிவிக்கும் மனு அங்கே நாள்தோறும் வரக்கூடியதே. ‘தங்கள் இல்லத்தில் நேர்ந்த இழப்பை அறிந்து வருந்துகிறோம்’ என்று ஒரு வரி; பின்னர் இணைக்கவேண்டிய ஆவணங்கள் எவை, எங்கே யாரிடம் கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் முடிவு தெரியும் என்னும் செய்திகள். இது போதும். துயரத்தில் இருப்பவருக்கு அலுவலகத்திலிருந்து நீண்ட இரங்கலுரை தேவையில்லை. தெளிவான வழிகாட்டலே அவருக்கு ஆறுதல். அம்மையாருடைய இரண்டாம் மனுவை, முதல் வரியிலேயே ‘என் கணவர் காலமாகிவிட்டார்’ என்று வருமாறு அமைத்துக் கொடுத்தேன். அதற்கு உரிய விடை வந்தது.

இரங்கற் கடிதமும், ஒருவரைக் கண்டிக்கும் கடிதமும், வேலைக்கு நேர்முகம் வரை வந்தவருக்கு இல்லை என்று சொல்லும் கடிதமும் மாதிரியால் முடிக்கத் தக்கனவல்ல என்பது என் கருத்து. இவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டுமானால் மாதிரியிலிருந்து எடுக்கலாம். நடுவே ஒரு பத்தியேனும் அந்த மனிதரைப் பற்றி இருக்க வேண்டும். ஏனைய கடிதங்களில் மிச்சப்பட்ட நேரம் இருக்கிறதே, அதை இங்கே செலவிடலாம்.

ஆசிரியர்க்கு இவ்வாபத்து புதிதன்று. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஹெர்பார்ட் வழி வந்த ஐந்து படிகளின்படி பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தந்தார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். புதிதாக வகுப்பறைக்குள் நுழையும் இளைஞனுக்கு அந்தச் சட்டகம் பெருந்துணை. அதே குறிப்பைத் தேதி மட்டும் மாற்றி இருபது ஆண்டு எழுதிக் கையொப்பம் வாங்கியவர்களும் உண்டு. படிகள் ஐந்தும் ஒழுங்காகவே இருக்கும். எதிரே இருக்கும் பிள்ளைகள் மட்டும் குறிப்பில் இருக்கமாட்டார்கள். ஹெர்பார்ட் என்ன செய்வார்?

மாதிரிகள் பழையனவாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொலைபேசி எண் மாறுகிறது, கட்டணம் மாறுகிறது, பொறுப்பாளர் மாற்றலாகிப் போகிறார், முன்பு கேட்ட ஆவணம் இப்போது தேவையில்லை என்று ஆணை வருகிறது. தவறான எண் உள்ள ஒரு மாதிரி, நாள்தோறும் அத்தவறைப் புதிதாகச் செய்துகொண்டேயிருக்கும். பள்ளிகளுக்கு இதற்கேற்ற காலம், கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் கதவு திறப்பதற்கு முந்திய வாரம். மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அதிலுள்ள எண்ணுக்கு நாமே ஒருமுறை அழைத்துப் பார்த்து, திருத்தவேண்டியதைத் திருத்தி, ஜிமெயிலாயின் அதே பெயரின்மேல் மறுபடி சேமித்துவிட வேண்டும். ஓராண்டாக ஒருமுறையும் எடுக்காத மாதிரி இருந்தால் நீக்கிவிடலாம். ஏழெட்டு மாதிரிகளைச் சரிபார்க்க ஒரு முற்பகல் போதும். பிற்பகலில் சேர்க்கைக்கு வரும் பெற்றோரின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும்.